பேஸ்மென்றில் நிலம் போடுமுன்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் முதல் வீடு வாங்கும் நம் பிள்ளைகள் பலர், பேஸ்மென்றை முடித்து எடுப்பதையே முதல் பெரிய வேலையாகத் தொடங்குகிறார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, இல்லாவிட்டால் மோட்கேஜுக்குக் கைகொடுக்கும் ஒரு வாடகைக் குடும்பம். நிலம் போடும் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்பார்கள். எல்லோரும் முதலில் கேட்பது நிறத்தை. நான் திருப்பிக் கேட்பது தண்ணீரை. தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நேரில் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கூரைப் பீலியின் குழாய் அத்திவாரத்தின் காலடியில் தண்ணீரைக் கொட்டினால், அதை இரண்டு மீற்றராவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். மண் வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால் மண் போட்டு வெளிப்பக்கமாகச் சரியுங்கள். யன்னல் குழிகளில் அடைத்த இலைகளை அள்ளுங்கள். பெரிய செலவில்லாத இந்த மூன்று வேலையும் பல பேஸ்மென்றுகளைக் காய வைத்திருக்கின்றன.

2. உள்ளே வரும் தண்ணீர் மூன்று வகை. மூன்றுக்கும் மருந்து வேறு. சுவர் வெடிப்பால் ஒழுகுவது ஒன்று. அதை அடைக்காமல் எந்த நிலமும் போடாதீர்கள். பெருமழையில் சாக்கடைக் குழாய் நிரம்பித் திரும்பி வருவது இரண்டாவது. 2013 யூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் சில மணித்தியாலத்துக்குள் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியதையும், அன்றிரவு ஆயிரக்கணக்கான பேஸ்மென்றுகள் மூழ்கியதையும் ரொறொன்ரோ நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 2024 யூலை 16இலும் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் பெய்தது. இதற்குத் தடுப்பு பாக்வோட்டர் வால்வ். ரொறொன்ரோவுக்குள் இருப்பவர்களுக்கு அதைப் பூட்ட நகரசபை மானியம் தருகிறது. 311க்கு அழைத்து இப்போதைய விதிகளைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வால்வுக்காக நிலத்தை உடைக்க வேண்டிவரும் என்பதால் அது நிலம் போடுவதற்கு முன்னே நடக்கவேண்டிய வேலை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஈரம். சீமெந்து பார்க்கக் கல்லுப்போல இருந்தாலும் அதற்குள் நுண்துளைகள் உண்டு. மண்ணின் ஈரம் ஆவியாக அதனூடே ஏறிக்கொண்டே இருக்கும். இன்றைய வீடுகளில் சீமெந்துக்கு அடியில் பிளாஸ்ரிக் விரித்திருப்பார்கள். ஐம்பது, அறுபதுகளில் கட்டிய ஸ்காபரோ பங்களாக்களில் பெரும்பாலும் அது கிடையாது. நிலத்தைக் கெடுப்பது அதிகமாக இந்த மூன்றாவது ஈரந்தான். வெள்ளம் வந்தால் எல்லோரும் ஓடிவருவார்கள். இது வருவதை ஒருவரும் காண்பதில்லை.

3. அந்த ஈரத்தை ஒரு பிளாஸ்ரிக் தாளால் பிடித்துக் காட்டலாம். 18 அங்குலச் சதுரமாக, தடித்த, ஊடே தெரியக்கூடிய பிளாஸ்ரிக் வெட்டுங்கள். வெறும் சீமெந்தைக் கூட்டித் துடைத்து, அதன்மேல் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம் விடவேண்டும். நான் இரண்டு மூன்று நாள் விடச் சொல்வேன். பிறகு குனிந்து பாருங்கள். பிளாஸ்ரிக்கின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் துளி நிற்கிறதா? உரித்தால் அந்தச் சதுரம் மட்டும் சுற்றியுள்ள சீமெந்தைவிடக் கறுத்திருக்கிறதா? இருந்தால் ஈரம் ஏறுகிறது. ஒரு மூலையில் மட்டும் செய்து திருப்திப்படாதீர்கள். வெளிச்சுவர் ஓரம், நடு அறை, குளியலறைப் பக்கம் என்று பல இடத்தில் வையுங்கள். சுவரடியில் வெள்ளை மாப்போல உப்புப் பூத்திருந்தால் அதுவும் அதே சாட்சி.

பசை போட்டு ஒட்டும் நிலம் என்றால் இந்தச் சோதனை போதாது. சீமெந்தைத் துளைத்து அதன் தடிப்பில் நாற்பது வீத ஆழத்தில் கருவி வைத்து ஈரப்பதம் அளப்பவர்களை அழையுங்கள். அளந்த எண்ணைப் பசைக் கம்பனி கொடுத்திருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். அத்தோடு ரேடனையும் சோதியுங்கள். மண்ணிலிருந்து ஏறும் கதிரியக்க வாயு அது. நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. கனடாவின் வழிகாட்டு எல்லை கன மீற்றருக்கு 200 பெக்கரல். குளிர்காலத்தில் மூன்று மாதமாவது கருவியை வைத்து அளக்கவேண்டும். நிலத்தை மூடியபின் திருத்துவது இரட்டைச் செலவு.

4. இலையுதிர்காலத்தில் வீடு வாங்கினால் பனி உருகும்வரை பொறுங்கள். ஜனவரியில் காய்ந்து கிடக்கும் சீமெந்து மார்ச், ஏப்ரலில் வேறு முகம் காட்டும்.

5. பழைய நிலத்தைக் கிளப்புமுன் கையை எடுங்கள். எண்பதுகளுக்கு முந்திய வீட்டில் 9 அங்குலச் சதுரமான கடினமான ரைல்களும், அவற்றுக்கடியில் கறுப்புப் பசையும் கண்டால் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். சுரண்டவோ, உரஞ்சவோ, உடைக்கவோ வேண்டாம். மாதிரியை ஆய்வுகூடத்தில் காட்டுங்கள். உடையாமல் உறுதியாக இருந்தால் பெரும்பாலும் அதை மூடி மேலே புதிய நிலம் போட்டுவிடலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சனி ஞாயிறில் சுத்தியலோடு இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

6. நிலத்தில் உள்ள வடிகால் வாய், குழாய் துப்புரவாக்கும் மூடி, வால்வ் மூடி ஆகியவற்றை ஒருநாளும் மூடிக் கட்டாதீர்கள். வடிவுக்காக மூடச் சொல்லும் கொன்ராக்ரரை மாற்றுங்கள்.

7. இனிப் பொருளுக்கு வருவோம். பெரும்பாலான பேஸ்மென்றுகளுக்கு என் தீர்ப்பு, கொழுவிப் பூட்டும் வைனில் பலகை. அதிலும் சுண்ணக்கல் தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த எஸ்.பி.சி. வகை. தண்ணீரில் ஊதாது, பசை வேண்டாம், நனைந்தால் கழற்றிக் காயவைத்துத் திரும்பப் பூட்டலாம். வாங்கும்போது மேல் தேய்மானப் படையைக் கேளுங்கள். குடும்ப வீட்டுக்கு 12 மில் போதும், வாடகைக்கு 20 மில் நல்லது. மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிமீற்றர் என்று மயங்காதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் ‘வோட்டர்ப்ரூஃப்’ என்ற சொல் பலகைக்குத்தான் பொருந்தும். அடியில் போன தண்ணீரைப் பலகை தடுக்காது. வெளியே போகவும் விடாது. அங்கே கிடந்து நாறும்.

லமினேற்றின் நடுப்பகுதி அமுக்கிய மரத்தூள். தேநீரில் தோய்த்த பிஸ்கற்போல ஓரம் ஊதும், திரும்ப அமராது. கெட்டி மரப் பலகை நிலமட்டத்துக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மேல்மாடியில் அழகாக இருப்பது கீழே வளையும். மரந்தான் வேண்டுமென்றால் அடுக்கு மரப் பலகை, அதுவும் ஈரச் சோதனை தேறிய பிறகு, கம்பனி கீழ்த்தளத்துக்கு அனுமதித்திருந்தால் மட்டும். போர்சலின் ரைல் தண்ணீருக்கு அஞ்சாதது. குளியலறைக்கும் உடுப்புத் தோய்க்கும் அறைக்கும் அதையே போடுங்கள். ஆனால் சீமெந்தில் உள்ள வெடிப்பு மேலே ரைலிலும் வரும். இடையில் பிரிப்புப் படை விரிக்கவேண்டும். குளிர் தாங்காத இடத்தில் அடியில் மின்சூட்டுக் கம்பி ஓடவிடலாம்.

கார்ப்பெற்? சுவர் முதல் சுவர் வரை ஒட்டிய கார்ப்பெற்றைப் பேஸ்மென்றுக்கு நான் சொல்வதில்லை. நனைந்து 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயாத துணியில் பூஞ்சணம் பிடித்துவிடும். கால் குளிருகிறது என்றால் வைனில் மேல் தனி விரிப்புப் போடுங்கள். அடிப்பக்கம் ரப்பர் இல்லாத விரிப்பாகப் பாருங்கள், ரப்பர் வைனிலில் மஞ்சள் கறை பிடிக்க வைக்கும்.

8. நிலம் சூடாக இருக்கவேண்டுமா, உயரம் மிஞ்சவேண்டுமா என்று முதலிலேயே முடிவெடுங்கள். அடியில் பிளாஸ்ரிக் குமிழும் மேலே மரப்பலகையும் உள்ள இரண்டடிச் சதுரத் தட்டுகள் கிடைக்கின்றன. அவை சீமெந்துக்கும் நிலத்துக்கும் இடையில் காற்றோட்டம் விடும், குளிரையும் குறைக்கும். ஆனால் தட்டும் வைனிலும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறும். பழைய வீட்டின் பேஸ்மென்றில் தனிக் குடியிருப்பு அமைக்க ஒன்ராறியோ விதிகள் 1.95 மீற்றர் சீலிங் உயரம் கேட்கின்றன. சில பங்களாக்களில் அந்த ஓர் அங்குலந்தான் வழக்கு. இன்னொன்று: நிலம் உயர்ந்தால் கடைசிப் படி மட்டும் குட்டையாகும். மற்றப் படிகளுக்குப் பழகிய கால் அங்கே தடுமாறும். அம்மம்மா இறங்கும் படி என்றால் படிக்கட்டையும் சேர்த்துத் திருத்துங்கள்.

9. மட்டம் பாருங்கள். பத்தடி நீளத்தில் 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் கொழுவிப் பூட்டும் பலகைகளின் கொழுக்கி உடையும். மேட்டை அரைத்து, பள்ளத்தை மட்டக் கலவையால் நிரப்புங்கள். வடிகாலைச் சுற்றியுள்ள சரிவை மட்டும் நிரப்பாதீர்கள், அது வேண்டுமென்றே வைத்த சரிவு. சுவரோரம் கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். பேஸ்போட்டைச் சுவரில் அடியுங்கள், நிலத்தில் அல்ல. பலகையோடு அடிமெத்தை ஒட்டியே வந்தால் இன்னொன்று வாங்க வேண்டாம். பத்து வீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சும் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள்.

10. ஈரநீக்கி ஒன்று வாங்கி, கோடையில் ஓட விடுங்கள். வெளியே வெக்கையான காற்று, கீழே குளிர்ந்த சீமெந்து. யன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் படியும். ஈரப்பதம் ஐம்பது வீதத்தைத் தாண்டாமல் பாருங்கள்.

11. ‘வாடகைக்குத்தானே’ என்று சொல்லி வெறும் சீமெந்தின் மேல் மலிவு லமினேற்றை விரிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த நம் சனத்தில் எத்தனையோ பேர் முதலில் படுத்தெழும்பியது பேஸ்மென்றுகளில். அந்தக் குளிரும் புழுங்கல் மணமும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. இன்று அங்கே படுக்கப்போவதும் யாரோ ஒருவரின் குழந்தை, யாரோ ஒருவரின் தாய். அதனால் ஒரு வேண்டுகோள்: காசு போதாவிட்டால் தரத்தைக் குறைக்காதீர்கள், பரப்பைக் குறையுங்கள். இந்த வருடம் படுக்கையறையை மட்டும் முறையாக முடியுங்கள். மற்ற இடம் அடுத்த வருடம்வரை வெறும் சீமெந்தாகவே கிடக்கட்டும்.