உழைத்துக் கற்ற உயர்வு

பெற்றோர் நிழலில் வளரும் இளைஞன் ஒருநாள் அந்நிழலை நீங்கித் தன் காலில் நின்றே ஆதல் வேண்டும். அப்பொழுது மூன்று கடமைகள் ஒருங்கே அவன்முன் வந்து நிற்கும். பொருளீட்டல் ஒன்று, கற்றல் ஒன்று, ஈட்டியதை அளவறிந்து செலவிடல் மற்றொன்று. இவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுவோர் பலர். மூன்றனையும் ஒருசேரப் போற்றி உயர்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு அறிவியலறிஞர் மைக்கேல் பாரடே.

பாரடே 1791ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் கொல்லுத் தொழிலாளர், நோயால் மெலிந்தவர். உணவுப் பொருள்களின் விலை மிக ஏறியிருந்த 1801ஆம் ஆண்டில், ஒரு வாரம் முழுமைக்கும் ஒரு ரொட்டியே சிறுவர் பாரடேயின் பங்காகக் கிடைத்தது. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே அவர் பள்ளியிற் கற்றவை.

பதின்மூன்றாம் வயதில் அவர் இலண்டனில் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்தார். மறு ஆண்டில், நூற்கட்டும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சி பெற அவரிடமே அமர்ந்தார். அத்தகைய பயிற்சிக்கு முன்பணம் கட்டுதல் அந்நாட்டு வழக்கம். ஆயின், பாரடேயின் நேர்மையான உழைப்பைக் கண்டிருந்த ரீபோ பணம் ஏதும் பெறாமலே அவரை ஏற்றுக்கொண்டார். செவ்வனே செய்த சிறுபணியே அவ்வேழைச் சிறுவருக்கு முதற்பொருளாயிற்று!

கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் ஓய்வு நேரத்திற் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வாரந்தோறும் சில பென்னிகளே செலவிட்டுச் சிறு சோதனைகள் செய்து பார்த்தார்.

1810ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அக்காலத்தில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் அறிவியற் சொற்பொழிவுகள் ஆற்றிவந்தார். ஒருமுறை கேட்கக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுத் தொழில் செய்துவந்த தமையனார் இராபர்ட்டு அத்தொகையை உதவினார். தம்பியார் அதனை வீணாக்கவில்லை. கேட்டவற்றை முறைப்பட எழுதிவைத்தார். கருவிகளை வரைந்து காட்டவும் விரும்பினார். ரீபோவின் மனையில் தங்கியிருந்த ஓவியர் ஒருவரின் அறையைத் துப்புரவு செய்து, அவர்தம் காலணிகளையும் துடைத்துக் கொடுத்து, வரைகலை பயின்றார். கையிற் பணமில்லாதபோது உழைப்பையே கட்டணமாகச் செலுத்தினார்.

1812ஆம் ஆண்டில் பேரறிஞர் டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அவற்றை எழுதித் தம் கையாலேயே நூலாகக் கட்டி, வேலை வேண்டி டேவிக்கு அனுப்பினார். டேவியோ, நூற்கட்டும் தொழிலையே விடாது பற்றியிருக்குமாறு அறிவுரை கூறினார். பயிற்சி முடித்து வேறொருவரிடம் கூலிக்கு உழைத்துவந்த பாரடேக்கு அவ்வேலையில் மனம் ஒன்றவில்லை. ஆயினும் வேறிடம் உறுதியாகுமுன் அதனை உதறவில்லை. தாயாரின் வாழ்வும் அவர் நினைவில் இருந்தது. 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டேவியின் ஆய்வகத்தில் உதவியாளர் பணி கிடைத்தது. ஊதியம் வாரத்திற்கு 25 ஷில்லிங். தங்க இரண்டு அறைகள். அவ்வாய்வகத்திலேயே 1831ஆம் ஆண்டில் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். நீர்மின் நிலையங்களிற் சுழலும் மின்னாக்கிகள் அவ்வுண்மையைக் கொண்டே மின்சாரம் தருகின்றன.

மாணவர்களே! உங்களுள் சிலர் விரைவில் வேலையொன்றில் அமர்ந்துகொண்டே மேற்கொண்டு கற்க நேரலாம். முதல் ஊதியம் கைக்கு வந்தவுடன் கல்வி சுமையாகத் தோன்றும். கல்வியில் வேட்கை மிகுந்தால் வேலை இழிவாகத் தோன்றும். இரண்டும் மயக்கமே. பாரடேக்குத் தொழில் நூல்களைத் தந்தது. கல்வி அத்தொழிலுக்கு அப்பாலும் வழி காட்டியது. சிக்கனம் இரண்டையும் தாங்கி நின்றது. தமையன் தந்த ஒரு ஷில்லிங்கின் அருமையை அறிந்தவரே பின்னாளில் உலகுக்கு ஒளி தந்தார். உங்கள் கல்விக்காக இல்லத்தில் எவர் தம் தேவையைச் சுருக்கிக்கொண்டார் என எண்ணிப் பாருங்கள். அந்நன்றியை மறவாதவனே உண்மையில் தன் காலில் நிற்பவன்.