எந்த அபெர்ச்சரில் இந்த லென்ஸ் உண்மை பேசும்?

ஒருவர் போர்ட்ரெய்ட் எடுக்கிறார். கையில் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதில் எஃப் 1.5 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ். எதிரில் இருப்பவரின் கண்ணிமை மேல் இரட்டைப் பிம்பத்தைப் பொருத்தி, முழுத் திறப்பில் ஒரு படம் எடுக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று அபெர்ச்சரை எஃப் 2.8-க்கு மூடி இன்னொன்றும் எடுக்கிறார். அப்புறம் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் படத்தில் கண் கச்சிதம். இரண்டாவதில் கண் லேசாக மங்கியிருக்கிறது, நெற்றிப்பொட்டு ஓரத்து முடியோ இழை இழையாகத் தெரிகிறது. பாதுகாப்புக்கென்று செய்த காரியமே படத்தைக் கெடுத்திருக்கிறது.

இந்த நிலைக்கு வந்தவர்கள் முதலில் தங்கள் கையைச் சந்தேகிப்பார்கள், பிறகு கண்ணை. கடைசியில் கேமராவை சர்வீஸுக்கு அனுப்புவார்கள். ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்ற பதிலோடு அது திரும்பி வரும். பதில் பொய்யில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் சரியாகத்தான் அளந்தது. அளந்து முடித்த பிறகு லென்ஸ்தான் தன் குவியத்தை நகர்த்திக்கொண்டது. இதைத்தான் ஃபோகஸ் ஷிஃப்ட் என்கிறார்கள்.

பள்ளி இயற்பியலில் கோளப் பிறழ்ச்சி என்று ஒரு பாடம் உண்டு. கோள வடிவப் பரப்புள்ள லென்ஸில் விளிம்பு வழியாக வரும் கதிர்கள் லென்ஸுக்குச் சற்று அருகிலும், நடுப்பகுதி வழியாக வருபவை சற்றுத் தள்ளியும் குவியும். முழுத் திறப்பில் இரண்டு வகைக் கதிர்களும் சேர்ந்தே படத்தை உருவாக்குகின்றன. ஆகவே மிகத் தெளிவான இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ அமைகிறது. அபெர்ச்சரை மூடினால் விளிம்புக் கதிர்கள் தடைபட்டு நடுக்கதிர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. தெளிவான இடம் பின்னுக்குப் போகிறது. சென்சார் நகராததால், அதில் இப்போது கூர்மையாக விழுவது நாம் குறிவைத்த கண் அல்ல, அதற்குப் பின்னால் உள்ள ஏதோ ஒன்று.

எஸ்.எல்.ஆர். கேமராவிலும் இது நடக்கும். ஆனால் அதில் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால், அபெர்ச்சரை மூடிப் பார்த்துச் சரிசெய்ய ஒரு வாய்ப்பாவது உண்டு. ரேஞ்ச்ஃபைண்டரில் அதுவும் கிடையாது. வியூஃபைண்டர் தனி ஜன்னல், தூரத்தை அளக்கும் ஜன்னலும் தனி. லென்ஸுக்குப் பின்புறம் உள்ள உலோக வளையம் கேமராவுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளையைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வைத்துத்தான் பிம்பங்கள் சேர்வதும் பிரிவதும். அபெர்ச்சர் எஃப் 1.5-ல் இருக்கிறதா, எஃப் 4-ல் இருக்கிறதா என்பது அந்த உருளைக்குத் தெரியவே தெரியாது. தையல்காரர் அளவெடுத்து முடித்த பிறகு வயிற்றை எக்கிக்கொண்டால் அவர் என்ன செய்வார்?

கொஞ்சம் கணக்கு பார்த்தால் விஷயம் துலங்கும். 50 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரைப் படமெடுக்கும்போது, சென்சார் பக்கம் குவியம் 0.05 மி.மீ. நகர்ந்தால் எதிர்ப்பக்கம் ஃபோகஸ் ஏறத்தாழ 1.8 செ.மீ. தள்ளிப்போகும். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மூடினால் டெப்த், அதாவது கூர்மையாகத் தெரியும் ஆழம், கூடுமே, அது இந்தப் பிழையை விழுங்கிவிடாதா? பலரும் கேட்கும் கேள்வி இது. கூடும், ஆனால் போதிய வேகத்தில் கூடுவதில்லை. கோளப் பிறழ்ச்சியால் குவியம் விலகும் அளவு, திறப்பின் விட்டத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. எஃப் 1.5-லிருந்து 2.8-க்கு வரும்போது விட்டம் ஏறக்குறைய பாதியாகிறது. பிறழ்ச்சி நான்கில் ஒரு பங்குக்குச் சுருங்குகிறது. நகரவேண்டிய தூரத்தில் முக்கால்வாசியை லென்ஸ் அதற்குள்ளேயே நகர்ந்து முடித்துவிடுகிறது. டெப்த்தோ இரண்டு மடங்குகூட ஆகவில்லை. அதனால்தான் தொல்லை எஃப் 2-க்கும் எஃப் 4-க்கும் இடையில் உச்சத்தில் இருக்கிறது. எஃப் 5.6, எஃப் 8 என்று போகும்போது பெரும்பாலும் டெப்த் ஓடிவந்து எட்டிப்பிடித்துவிடும். தெருப்படம் எடுப்பவர் எஃப் 8-ல் தூரத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு சுடுகிறார் என்றால், இந்தக் கட்டுரையை அவர் இங்கேயே மூடிவைத்துவிட்டுப் போகலாம்.

இப்படி ஒரு குறையோடு ஏன் லென்ஸ் செய்தார்கள்? இங்கேதான் லுட்விக் பெர்டெலே வருகிறார். ஸைஸ் நிறுவனத்தின் சோனார் லென்ஸை வடிவமைத்தவர். 1930-களின் தொடக்கத்தில் காண்டாக்ஸ் கேமராவுக்காக அவர் தந்த 5 செ.மீ. எஃப் 1.5 சோனாரில் ஏழு கண்ணாடிகள், ஆனால் அவை மூன்றே தொகுதிகளாக ஒட்டப்பட்டிருந்தன. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் ஆறு மட்டுமே. ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தது 1935-ல்தான். அதற்கு முன் ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சம் சிதறிப் படத்தை வெளுக்கவைத்தது. பரப்புகளைக் குறைத்தால் கான்ட்ராஸ்ட் கிடைக்கும். அதற்குக் கொடுத்த விலைகளில் ஒன்று, முழுமையாகத் திருத்தப்படாத கோளப் பிறழ்ச்சி. அன்றைய ஃபிலிமும் அன்றைய பிரிண்டும் அந்த விலையை யார் கண்ணிலும் காட்டவில்லை. இதை எழுதுபவரைக் கேட்டால் அது மலிவான பேரம் என்பார்.

பூச்சு வந்து எத்தனையோ பதிற்றாண்டுகள் ஆன பின்பு, 2000-களின் நடுவில், ஸைஸ் அதே மரபில் சி சோனார் 50 மி.மீ. எஃப் 1.5 லென்ஸை லைக்கா எம் மவுண்டில் கொண்டுவந்தது. ஜப்பானில் கோசினா தயாரித்தது. ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள், கைக்கடக்கமான உருவம். இதில் ஒரு விசித்திரம். முழுத் திறப்பில் கண்ணில் வைத்த ஃபோகஸ் மூக்கில் போய் விழுகிறது என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். அதாவது நாம் முதலில் பார்த்ததற்கு நேர் எதிர். ஸைஸ் நிறுவனமே விளக்கம் தந்தது: இந்த லென்ஸின் ஃபோகஸ் எஃப் 2.8-க்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. எஃப் 2.8-ல் உண்மை பேசும் லென்ஸ் எஃப் 1.5-ல் முன்னால் விழத்தான் செய்யும். எஃப் 1.5 லென்ஸை எஃப் 1.5-ல் பயன்படுத்தத்தானே காசு கொடுத்தோம் என்று பலர் அதை சர்வீஸில் முழுத் திறப்புக்கு மாற்றி அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தொல்லை எஃப் 2.8 பக்கம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

விளைவு, செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒரே பெயருள்ள இரண்டு சி சோனார்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். விற்பவரிடம் ‘இதில் ஃபோகஸ் ஷிஃப்ட் இருக்கிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை, எல்லாவற்றிலும் இருக்கிறது. கேட்கவேண்டியது, ‘எந்த அபெர்ச்சருக்கு அமைத்தது?’

சோனாரோடு இந்தக் கதை முடிவதில்லை. 1970-களின் நடுவில் வால்டர் மாண்ட்லர் லைக்காவின் கனடா ஆலைக்காக வடிவமைத்த 50 மி.மீ. எஃப் 1 நாக்டிலக்ஸில் இது உண்டு. வாய்க்ட்லாண்டர் நாக்டன் வரிசையில் சிறிய உருவத்துக்குப் பேர்போன 35 மி.மீ., 40 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்களிலும் உண்டு. 1994-ல் வந்த லைக்கா சம்மிலக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.4 ஆஸ்ஃபெரிக்கல் லென்ஸைப் பல்லாண்டு காலம் ஃபிலிமில் கொண்டாடியவர்களே டிஜிட்டல் உடலில் மாட்டியதும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 2010-ல் அதன் புதிய வடிவம் மிதவைக் கண்ணாடித் தொகுதியோடு வந்தது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது பின்பக்கக் கண்ணாடிகள் மட்டும் தனி அளவில் நகர்ந்து, கிட்டத்துப் பிறழ்ச்சிகளைக் குறைக்கும் ஏற்பாடு. முணுமுணுப்பு பெருமளவு அடங்கியது.

ஃபிலிமில் தெரியாதது டிஜிட்டலில் தெரிந்தது ஏன்? லைக்காவின் முதல் டிஜிட்டல் எம், எம்8, 2006-ல் வந்தது. அதுவரை டெப்த் கணக்குகள் 0.03 மி.மீ. மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவில் போடப்பட்டவை. சுமாரான அளவு பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்க்கும் கண்ணுக்கான கணக்கு அது. அதன்படி ஒரு மீட்டரில் எஃப் 2.8-ன் டெப்த் 6 செ.மீ.-க்குச் சற்று மேல். முன்னால் பாதி, பின்னால் பாதி என்றால் 1.8 செ.மீ. விலகல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவர் 0.015-ஐக்கூடப் பொறுப்பதில்லை. அந்தக் கணக்கில் பின்பக்க டெப்த் 1.6 செ.மீ. ஆகிறது, விலகல் வெளியே வந்து நிற்கிறது. 2022-ல் வந்த எம்11-ன் 60 மெகாபிக்சல் முன்னால் இதைவிடவும் கறாரான கணக்கு வேண்டும்.

சரி, கையில் இருக்கும் லென்ஸ் என்ன செய்கிறது என்று அறிவது எப்படி? வழி சுலபம், பொறுமைதான் வேண்டும். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஒரு மீட்டர் தூரத்தில் ஓர் அளவுகோலைக் கேமராவை நோக்கிச் சாய்வாக வைக்கவேண்டும். அளவுகோலை ஒட்டி, அதன் நடுக்கோட்டுக்கு நேராக, நெட்டுக்குத்தாக ஒரு அட்டை. ரேஞ்ச்ஃபைண்டரை அந்த அட்டையின் ஓரத்தில் பொருத்தவேண்டும். சாய்ந்த பரப்பில் பொருத்தினால் எந்த இடத்தில் பொருந்தியது என்பதே சந்தேகமாகிவிடும். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் எஃப் 1.5, 2, 2.8, 4, 5.6, 8 என்று வரிசையாக எடுக்கவேண்டும். ஒருமுறை பொருத்தியதை மட்டும் நம்பிவிடக்கூடாது. வளையத்தை முழுக்கத் திருப்பிவிட்டு மறுபடி பொருத்தி, அதே வரிசையை இரண்டு மூன்று தடவை எடுத்தால்தான் கைப்பிழை எது, லென்ஸின் குணம் எது என்று பிரியும்.

படங்களைப் படிக்கும் விதம்தான் முக்கியம். கூர்மையான இடம் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் படிப்படியாகப் பின்னால் போனால் அது ஷிஃப்ட். எல்லா அபெர்ச்சரிலும் ஒரே அளவில் முன்னாலோ பின்னாலோ நின்றால் அது ஷிஃப்ட் இல்லை, அமைப்புப் பிழை. இன்னொரு லென்ஸை மாட்டினாலும் அதே பிழை வந்தால் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்யவேண்டும். இந்த லென்ஸில் மட்டும் என்றால் லென்ஸை. சோனாரைப் பின்பற்றிச் செய்த சோவியத் ஜூப்பிட்டர்-3 வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் கலந்தே கிடைக்கும். காண்டாக்ஸ் முறைக்கும் லைக்கா முறைக்கும் அளவில் சிறு வேறுபாடு இருப்பதால், தொலைவில் சரியாக இருப்பது கிட்டத்தில் விலகும். அதன் மேல் ஷிஃப்டும் ஏறிக்கொள்ளும். புதிதாகக் கற்பவர் அதில் தொடங்காமல் இருப்பது நல்லது.

லென்ஸின் குணம் தெரிந்துவிட்டால் களத்தில் சமாளிப்பது உடம்புக்குப் பழகிவிடும். முழுத் திறப்புக்கு அமைத்த லென்ஸை எஃப் 2.8-ல் வைத்தால் ஃபோகஸ் பின்னால் விழும். ஆகவே கண்ணில் பொருத்திவிட்டு, தலையை ஓரிரு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அழுத்தவேண்டும். எஃப் 2.8-க்கு அமைத்ததை முழுத் திறப்பில் வைத்தால் இதற்கு நேர்மாறாக முன்னுக்குச் சாயவேண்டும். சாய்வது அசௌகரியம் என்பவர்கள் பொருத்தும் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம்: முதல் வகைக்கு மூக்கு நுனி, இரண்டாவது வகைக்குக் கண்ணுக்குப் பின்னால் நெற்றிப்பொட்டு. வளையத்தை ஒரு மயிரிழை திருப்புவது என்றும் ஒரு வழி சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஓடும் குழந்தையைப் படமெடுக்கும்போது அந்த மயிரிழை எவருக்கும் வசப்பட்டதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம்விட எளிதான பழக்கம் ஒன்று உண்டு, இதை எழுதுபவர் கடைப்பிடிப்பதும் அதுதான்: கிட்டத்தில் இரண்டே அபெர்ச்சர். லென்ஸ் உண்மை பேசும் ஒன்று, இல்லையென்றால் எஃப் 5.6. நடுவில் உள்ளவை மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் சூழலோடு சேர்த்து எடுக்கும் படங்களுக்கு. அங்கேயும் விலகல் இருக்கிறது, ஆனால் முகம் சட்டத்தில் சிறிதாகிவிடுவதால் உறுத்துவது குறைவு.

2012-ல் அறிமுகமான லைக்கா எம் (டைப் 240) லைவ் வியூவோடு வந்தது. 2013-ல் சோனி ஏ7 வந்த பிறகு அடாப்டர் போட்டு எம் லென்ஸ்களை முழுச்சட்ட மிரர்லெஸ்ஸில் மாட்டுவது வழக்கமாயிற்று. இரண்டிலும் அபெர்ச்சர் வளையம் கையால் திருப்புவது என்பதால், எஃப் 2.8-ல் வைத்தால் திரையிலும் எஃப் 2.8-ல்தான் தெரியும். அந்த அபெர்ச்சரிலேயே பெரிதாக்கி ஃபோகஸ் செய்தால் ஷிஃப்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் முழுத் திறப்பில் வெளிச்சமாகப் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு, அப்புறம் மூடி எடுக்கும் எஸ்.எல்.ஆர். காலத்துப் பழக்கத்தைக் கொண்டுவந்தால் பழைய பிழை அப்படியே கூட வரும்.

இத்தனை பாடுபடுவதற்குப் பதிலாக நன்கு திருத்திய நவீன லென்ஸை வாங்கிவிடலாமே என்றால், வாங்கலாம். அதிகக் கண்ணாடி, அதிக எடை, அதிக விலை. அதோடு ஒன்றை இழக்கவும் வேண்டியிருக்கும். திருத்தப்படாமல் விட்ட அதே கோளப் பிறழ்ச்சிதான் பின்னணி மங்கலின் ஓரங்களை மழுங்கடித்து மிருதுவாக்குகிறது. முன்னணி மங்கல் அதே காரணத்தால் கொஞ்சம் முரடாக இருக்கும், போர்ட்ரெய்ட்டில் முன்னால் ஒன்றும் இல்லாதவரை யாரும் கவனிப்பதில்லை. சோனாரில் எடுத்த முகங்களின் பின்னால் இலைகளும் விளக்குகளும் கரைந்து கிடப்பதைப் பார்த்து மயங்கியவர்கள் அதன் ஷிஃப்டையும் சேர்த்தேதான் வாங்குகிறார்கள்.

லென்ஸை சர்வீஸுக்கு அனுப்புவதாக முடிவானால், ‘ஃபோகஸ் சரியில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்புவது போதாது. எந்த அபெர்ச்சரில், எந்தத் தூரத்தில் சரியாக இருக்கவேண்டும் என்று குறிப்பிட்டு, அளவுகோல் படங்களையும் சேர்த்து, முடிந்தால் கேமராவையும் கூடவே அனுப்பவேண்டும். அங்கே செய்வது லென்ஸுக்குள் மெல்லிய வளையத் தகடு ஒன்றை மாற்றி எல்லா அபெர்ச்சரையும் ஒரே அளவில் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுவது போன்ற வேலைதான், எஃப் 1.5-க்கும் எஃப் 2.8-க்கும் உள்ள இடைவெளி அதனால் குறையாது. எதை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதைத் தீர்மானித்துவிட்டு அனுப்பினால், பார்சல் ஒருமுறை போய்வந்தாலே போதும்.