காற்று வெப்ப உணரி: மாற்றுமுன் சோதித்தல்

விளைபொருளையும் ஜவுளியையும் சந்தைக்குக் கொண்டுசெல்ல அங்கத்தினர் பலர் மோட்டார் வாகனம் வைத்திருக்கின்றனர். பெட்ரோல் செலவு காரணம் தெரியாமல் கூடுமாயின் ஆதாயம் அதிற் கரைந்துவிடும். அக்காரணங்களுள் ஒன்று, எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சார், அதாவது உணரி, பழுதுறுதல் ஆகும்.

உணரியின் வேலை

குளிர்ந்த காற்று செறிவு மிக்கது. வெங்காற்று செறிவு குறைந்தது. ஒரு கன மீட்டர் காற்று 0 டிகிரியில் ஏறத்தாழ 1.29 கிலோகிராமும், 40 டிகிரியில் 1.13 கிலோகிராமும் எடையுள்ளது. எனவே காற்றுக்கேற்பப் பெட்ரோலை அளந்துவிடும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வெப்பநிலை தெரிதல் வேண்டும். உணரியினுள் இருப்பது, வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் ஒரு மின்தடையே. பெட்டி அதற்கு 5 வோல்ட் மின்சுற்றை அமைத்து, உணரியில் காணும் வோல்ட்டைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கிறது.

பழுதின் குறிகள்

இல்லாத குளிரை உணரி காட்டினால் பெட்ரோல் மிகுதியாகச் செல்லும், கரும்புகையும் வரலாம். இல்லாத வெப்பத்தைக் காட்டினால் பெட்ரோல் குறைந்து வண்டி தயங்கும். எச்சரிக்கை விளக்கு எரியும்போது ஸ்கேனரில் பி0113 என்ற குறியீடு தோன்றினால் வோல்ட் மிகுதி. பி0112 தோன்றினால் வோல்ட் குறைவு. இவை மின்சுற்றில் உள்ள குறையைக் கூறுவனவேயன்றி, உணரிதான் கெட்டது என்று கூறுவன அல்ல. பேரேட்டில் இருப்பு ஒவ்வாதபோது ரசீதுகளைப் பாராமல் குமாஸ்தாவை நீக்குவார் உண்டோ?

சோதிக்கும் முறை

1. இரவு முழுதும் நின்ற வண்டியில், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, காற்று வெப்பத்தையும் எஞ்சின் குளிர்நீரின் வெப்பத்தையும் ஸ்கேனரில் காண்க. இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்திருத்தல் வேண்டும். பெரிதும் வேறுபட்டால், எது பொய் என்பதை வெளிக் காற்றின் வெப்பமானி காட்டிவிடும். விளக்கு எரியாமலே பணத்தைத் தின்னும் பழுதினை இச்சோதனை வெளிப்படுத்தும்.

2. உணரியின் இணைப்பைக் கழற்றுக. ஸ்கேனரில் உறைநிலைக்குக் கீழ் 40 டிகிரி அளவு காட்டுதல் வேண்டும். பின்னர் வண்டிப் பக்கத்து இணைப்பின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைக்க, 100 டிகிரிக்கு மேல் ஏறுதல் வேண்டும். இரண்டும் நிகழுமாயின் கம்பிகளும் பெட்டியும் நலமே. குறை உணரியில் அல்லது அதன் முனைகளில் உள்ளது. நிகழாவிடில் அறுந்த கம்பியையோ பாசம் பிடித்த இணைப்பையோ தேடுக. இம்முறை இரு கம்பி உணரிக்கே உரியது. காற்றளவுக் கருவியோடு சேர்ந்த உணரியில், கம்பிப் படம் பாராமல் முனைகளை இணைத்தால் கேடு விளையும்.

3. கழற்றிய உணரியின் தடையை ஓம் மீட்டரால் அளக்க. பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும். தம் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் காண்க. தலைமுடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடாக்கினால் தடை சீராக இறங்குதல் வேண்டும். திடீரெனத் தாவினால் உணரி பழுதெனத் துணியலாம். தீயைக் காட்டலாகாது.

இச்சோதனைகளுக்குச் செல்வது அரைமணி நேரமே. உணரியில் குறையில்லை எனத் தெரிந்தால், அதை வாங்கும் செலவு மிஞ்சும். உண்மைக் குறையைத் தேடும் வழியும் திறக்கும். ஆதலின் பணிமனையில் “புதிது போடவேண்டும்” என்று கூறினால், எச்சோதனையால் அவ்வாறு அறிந்தனர் என்று அங்கத்தினர் கேட்டறிதல் முறையாகும்.