காப்ரி: ஒரு பகலுக்குள் ஒரு தீவு

இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாவின் தென்கோடியில், சொரெண்டோ முனைக்கு எதிரே காப்ரித் தீவு நிற்கிறது. பரப்பளவு 10 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சமதளம் என்று சொல்லும்படி அங்கே அநேகமாக ஒன்றும் கிடையாது. கடலிலிருந்து சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுந்து, மோன்தே சொலாரோ உச்சியில் 589 மீட்டரைத் தொடுகிறது. ஒருநாள் பயணமாகப் போகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த உயரத்தைத்தான். தூரங்கள் சிறியவை, ஏற்றங்கள் பெரியவை. எங்கே போவதற்கும் ஏதாவது ஒன்றில் ஏற வேண்டும், ஏறுவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். கடலைக் கடக்கப் படகு, துறைமுகத்திலிருந்து காப்ரி ஊருக்குப் பழனி விஞ்ச் போன்ற இழுவை ரயில், அங்கிருந்து மேலூரான அனகாப்ரிக்குச் சிற்றுந்து, அனகாப்ரியிலிருந்து உச்சிக்குத் தொங்குநாற்காலி. கோடைக்காலத்தில் இந்த வரிசைகளிலேயே பாதிப் பகல் போய்விடும்.

அதனால்தான், ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது, அதுவும் முதல்முறை என்றால், வழிகாட்டியோடு குழுவாகப் போங்கள் என்று நான் சொல்கிறேன். குழுப் பயணம் என்றாலே முகம் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. கொடியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் நடக்க, பின்னால் மந்தையாகப் போவதில் என்ன இருக்கிறது என்பார்கள். காப்ரியைப் பொறுத்தவரை நல்ல வழிகாட்டியின் பெருமை அவர் சொல்லும் கதைகளில் மட்டும் இல்லை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற கணக்கில் இருக்கிறது. இன்று காற்று எந்தப் பக்கம், தீவின் கடற்குகையான நீலக்குகை திறக்குமா, இழுவை ரயிலில் கூட்டமென்றால் துறைமுகத்திலேயே சிற்றுந்து பிடித்து நேராக அனகாப்ரிக்குப் போய்விடலாமா என்பதையெல்லாம் கரையில் கால் வைப்பதற்குள் அவர் முடிவு செய்துவிடுகிறார்.

ஆனால் எல்லாக் குழுப் பயணமும் ஒன்றல்ல. பதிவு செய்வதற்கு முன் என்னென்ன காட்டுவீர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். அந்தப் பட்டியல் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுபோலவே இருக்கும். நான் கேட்பது வேறு. அனகாப்ரி உண்டா, அங்கே எவ்வளவு நேரம்? நம் போக்கில் திரிய எவ்வளவு நேரம் விடுவீர்கள், எந்த ஊரில் விடுவீர்கள்? குழுவில் எத்தனை பேர்? நீலக்குகை மூடியிருந்தால் பதிலுக்கு என்ன? குகைக்குள் போகும் கட்டணம் உங்கள் தொகையில் சேருமா? கடைசிக் கேள்வி முக்கியம். பல பயணங்களில் அது சேராது. குகை வாசலில் தனியாகக் கட்ட வேண்டும், உள்ளே கூட்டிப்போகும் படகில் துடுப்பு போடுகிறவரும் அன்பளிப்பு எதிர்பார்ப்பார். இவற்றுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லாத நிறுவனத்தை நான் விட்டுவிடுவேன். ஒருமுறை அம்மாவுக்காக விசாரித்தபோது, படிகள் அதிகமா என்ற கேள்விக்கு 'அழகான நடை' என்று மட்டும் பதில் வந்தது. எழுபது வயது முழங்காலுக்கு அது போதாது. வேறொருவரிடம் பதிவு செய்தேன்.

சொரெண்டோவிலிருந்து விரைவுப் படகில் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். நேப்பிள்ஸின் பெவெரெல்லோ துறையிலிருந்து என்றால் ஒருமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விரைவுப் படகில் பெரும்பாலும் கண்ணாடிக்குள் அடைந்துதான் உட்கார வேண்டும். கடல் கொஞ்சம் எழும்பினாலும் வயிறு புரளும். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருவது நல்லது. முகப்பில்தான் தூக்கிப்போடும்.

இனி நீலக்குகை. குரோத்தா அட்சூரா என்று ஊரார் சொல்லும் இந்தக் குகையைப் பற்றி ஏமாற்றமாகப் பேசுகிறவர்களையும் கண் கலங்கப் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் உண்டு. குகையின் வாய் நீர்மட்டத்துக்கு மேல் சுமார் ஒரு மீட்டர்தான். நாலைந்து பேர் கொள்ளும் துடுப்புப் படகில் மாறி ஏறி, எல்லோரும் அடியில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். அலை தாழும் நொடி பார்த்து, பாறையில் பொருத்தியிருக்கும் சங்கிலியைப் பிடித்து இழுத்து, படகுக்காரர் நம்மை உள்ளே செலுத்துகிறார். உள்ளே இருக்கக் கிடைப்பது ஐந்து நிமிடம் போல. அதற்காக வெளியே விசைப்படகில் ஆடிக்கொண்டே அரைமணி, ஒருமணி என்று காத்திருக்க நேரும். இதை முன்னமே தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஏமாற்றம் இல்லை.

உள்ளே ஏன் அந்த நீலம்? நாம் நுழையும் வாய்க்குக் கீழே, தண்ணீருக்கடியில், அதைவிடப் பெரிய திறப்பு ஒன்று இருக்கிறது. வெயில் அதன் வழியாக நீரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. வரும் வழியில் சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்ள, நீலம் மிஞ்சுகிறது. ஒளி மேலிருந்து விழாமல் அடியிலிருந்து எழுவதால் தண்ணீரே விளக்காகிவிடுகிறது. கையை நனைத்துப் பாருங்கள், வெள்ளி பூசியது போலத் தெரியும். சூரியன் உயர்ந்திருக்கும் நண்பகலை ஒட்டிய நேரம்தான் இதற்கு உகந்தது. அங்கே கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஐந்து நிமிடத்தையும் கரைத்துவிடாதீர்கள். படத்தில் அந்த நிறம் சரியாக விழுவதும் இல்லை.

ஊர் மீனவர்கள் ஒருகாலத்தில் இந்தக் குகைக்குள் போக அஞ்சினார்கள். 1826-இல் ஜெர்மானியக் கவிஞரும் ஓவியருமான ஆகுஸ்ட் கோபிஷ் உள்ளூர் மீனவர் ஒருவரின் துணையோடு உள்ளே போய்வந்து எழுதிய பிறகே ஐரோப்பா முழுக்க அதன் பெயர் பரவியது. ஆனால் ரோமானியர்களுக்கு இது முன்பே தெரியும். 1964-இல் குகையின் அடித்தரையிலிருந்து கடல்தெய்வச் சிலைகளை எடுத்தார்கள். அவற்றை இப்போது அனகாப்ரியில் காஸா ரோஸா என்ற சிவப்பு வீட்டில் பார்க்கலாம்.

மேற்கு, வடமேற்குக் காற்று எழும்பினால் குகையை மூடிவிடுவார்கள். காலையில் திறந்திருப்பது பிற்பகலில் மூடலாம். வழிகாட்டி 'இன்று முடியாது' என்றால் அவரோடு வாதாடாதீர்கள், அது அவர் கையில் இல்லை. ஒருமுறை நான் போனபோது குகை மூடியிருந்தது. அதற்குப் பதிலாகத் தீவைச் சுற்றிப் படகில் போனோம். கூசாமல் சொல்கிறேன், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் தீவைச் சுற்றும் படகையே எடுப்பேன். முதியவர்களோடு போகிறவர்களுக்கு அது இன்னும் பொருந்தும். ஆடும் விசைப்படகிலிருந்து சின்னஞ்சிறு துடுப்புப் படகுக்குக் கால் மாற்றி வைப்பது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை.

அந்தச் சுற்றில் தென்கிழக்கு மூலையில் ஃபராலியோனிப் பாறைகள் வருகின்றன. கடலுக்குள் நிமிர்ந்து நிற்கும் மூன்று பாறைகள், மிக உயர்ந்தது 100 மீட்டரைத் தாண்டுகிறது. நடுப்பாறையில் அலை குடைந்த வளைவுக்குள் படகு நுழைந்து மறுபுறம் வரும். வெளிப்பாறையில் நீலநிறப் பல்லி ஒன்று வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத கிளையினம். அதைப் படகிலிருந்து பார்க்க முடியாது, ஆனால் அந்தப் பாறையில் அப்படி ஓர் உயிர் தனித்து வாழ்கிறது என்று தெரிந்து பார்ப்பது வேறு. கொஞ்சம் தள்ளி, பாறை முனையில் சிவந்த சுவரோடு காஸா மாலாபார்த்தே என்ற வீடு. இயக்குநர் கொதார் 1963-இல் வெளியிட்ட திரைப்படம் ஒன்றின் காட்சிகளை அதன் மாடிப்படிகளில்தான் எடுத்தார்.

காப்ரி ஊரின் நடுவில் இருக்கும் சதுக்கமான பியாசெட்டாவில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. விலையுயர்ந்த கடைகளும் விலையுயர்ந்த காப்பியும்தான். இத்தாலியில் எங்கும் நின்றுகொண்டு குடிக்கும் காப்பிக்கு ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. இங்கே அந்த வித்தியாசம் கண்ணைக் கட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து அகஸ்டஸ் தோட்டத்துக்குப் போங்கள். பெயரில்தான் ரோமானியப் பேரரசர், தோட்டத்தை உருவாக்கியவர் ஜெர்மானியத் தொழிலதிபர் கிருப். அங்கிருந்து ஃபராலியோனியும், பாறையில் ஊசிவளைவுகளாக இறங்கும் கிருப் பாதையும் ஒருசேரத் தெரியும். அருகிலேயே லெனினுக்கு ஒரு நினைவுத்தூண் இருப்பதைப் பலர் கவனிக்காமல் கடக்கிறார்கள். 1906 முதல் 1913 வரை மக்சீம் கோர்க்கி இந்தத் தீவில் வாழ்ந்தார், அவரைப் பார்க்க லெனின் 1908-லும் 1910-லும் வந்தார். 'தாய்' நாவலைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கணம் நிற்கத் தோன்றும்.

வழிகாட்டியின் தரத்தை அளக்க எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. திபேரியஸைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கவனிப்பேன். கி.பி. 27 முதல் 37 வரை ரோமப் பேரரசை இந்தத் தீவில் இருந்துகொண்டே ஆண்டவர் அவர். கிழக்கு முனையில் வில்லா யோவிஸ் என்ற அவருடைய மாளிகையின் இடிபாடுகள் உள்ளன. அங்கிருந்து ஆட்களைக் கடலில் தள்ளினார் என்று குன்றைக் காட்டிக் கதை சொல்லாத வழிகாட்டி இல்லை. எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண்மணி அதோடு நிறுத்தவில்லை. அந்தக் கதைகளை எழுதிய சுவெடோனியஸ் ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து எழுதியவர், திபேரியஸைப் பிடிக்காதவர்களின் பேச்சுதான் அவருக்குக் கிடைத்திருக்கும் என்றார். பிறகு மழைநீரைச் சேமிக்க அந்த மாளிகையில் கட்டிய பெருந்தொட்டிகளைப் பற்றிச் சொன்னார். ஆறோ பெரிய ஊற்றோ இல்லாத பாறைத்தீவில் ஒரு பேரரசரின் முதல் கவலை தண்ணீராகத்தான் இருந்திருக்கும். இப்போதும் தண்ணீர் பெருநிலத்திலிருந்து கடலடிக் குழாய் வழியாகத்தான் வருகிறது. 2024 ஜூனில் நீர்வழங்கல் பழுதாகி, சுற்றுலாப் பயணிகள் யாரும் இறங்கக் கூடாது என்று மேயர் உத்தரவு போட்டார். 14,000-க்கும் குறைவான மக்கள் வாழும் தீவு, கோடையில் அதைவிட அதிகமான கூட்டத்தை ஒரே நாளில் சுமக்க நேர்கிறது. இதை அறிந்த விருந்தாளிக்கு அங்கே குழாயைத் திறக்கும்போதே கை கொஞ்சம் நிதானிக்கும்.

அனகாப்ரிக்கு வருவோம். ஒருநாளில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பது என் திடமான எண்ணம். 1870-களில் பாறையைக் குடைந்து சாலை போடும்வரை, துறைமுகத்திலிருந்து இந்த மேலூருக்கு 921 படிகள்தான் வழி. ஆகவே இரண்டு ஊர்களும் ஒரே தீவில் தனித்தனியாக வளர்ந்தன. இன்றும் அனகாப்ரியில் பேச்சு மெதுவாகவும் தெரு அமைதியாகவும் இருக்கிறது. அங்கே புனித மிக்கேல் தேவாலயத்தின் தரை முழுவதும் வண்ண ஓடுகளால் ஆன ஒரே ஓவியம். 1761-இல் முடித்தது. ஆதாமும் ஏவாளும் ஏதேனிலிருந்து வெளியேறுகிறார்கள், சுற்றிலும் யானை, ஒட்டகம், முதலை என்று விலங்குகள். தரையை மிதிக்காமல் ஓரமாகப் போட்ட பலகையில் நடந்துவிட்டு, சுழல்படி ஏறி மேலிருந்து பாருங்கள். கீழே நின்று துண்டுதுண்டாகத் தெரிந்தது மேலே போனதும் முழுத் தோட்டமாக விரிகிறது. பல குழுக்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

பக்கத்தில் வில்லா சான் மிக்கேலே. ஸ்வீடன் மருத்துவர் ஆக்ஸெல் முந்தே கட்டிய வீடு. இந்த வீட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் 1929-இல் வெளியாகிப் பல மொழிகளில் பரவியது. எனக்கு அவர்மேல் மதிப்பு வர வேறு காரணம். கண்டம் தாண்டிப் பறக்கும் காடைகளும் சிறுபறவைகளும் களைத்து இறங்கும் இடம் இந்தத் தீவு. அவற்றை வலைபோட்டுப் பிடிப்பது ஊரில் நெடுங்கால வருமானம். அதைத் தடுக்க முந்தே வீட்டுக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவையே விலைக்கு வாங்கிப் பறவைகளுக்கு விட்டுவிட்டார்.

உச்சிக்குப் போகும் தொங்குநாற்காலியில் ஒருவர்தான் உட்காரலாம். சுமார் 13 நிமிடம். அது நிற்காது, குறித்த இடத்தில் நின்றால் பின்னாலிருந்து வந்து ஏந்திக்கொள்ளும். "நான் கீழயே உக்காந்திருக்கேன், நீ போய்ட்டு வா" என்றார் அம்மா. பணியாளர் ஒருவர் கைபிடித்து நிறுத்தி, கம்பியைப் பூட்டிவிட்டார். காலடியில் திராட்சைத் தோட்டங்களும் எலுமிச்சை மரங்களும் நகர, எனக்கு முன்னால் அம்மாவின் புடவைத் தலைப்பு காற்றில் பறந்ததை நான் பார்த்துக்கொண்டே போனேன். புடவை கட்டியவர்கள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. மேலே ஒரு பக்கம் வெசுவியஸ் எரிமலையும் நேப்பிள்ஸ் வளைகுடாவும், மறுபக்கம் சலேர்னோ வளைகுடாவும். மேகம் உச்சியில் உட்கார்ந்துவிட்டால் எதுவும் தெரியாது. ஏறும் முன் கீழிருந்தே உச்சியைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

சைவர்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. தக்காளியும் மொசரெல்லா பாலாடைக்கட்டியும் துளசிக் குடும்பத்துப் பசிலிகமும் சேர்ந்த காப்ரேசே சாலட் இந்தத் தீவின் பெயராலேயே வழங்குகிறது. ரவியோலி காப்ரேசியிலும் மாமிசம் கிடையாது, முட்டை உண்டு. பாதாமும் சாக்லேட்டும் சேர்த்து மாவில்லாமல் செய்யும் தோர்த்தா காப்ரேசே கேக்கிலும் முட்டை உண்டு. குழுவோடு சேர்ந்த மதிய உணவு என்றால் பதிவின்போதே சொல்லிவையுங்கள். முடிந்தால் மதிய உணவு சேராத பயணத்தையே எடுங்கள். நாற்பது பேருக்குப் பரிமாறி முடிக்கும் ஒன்றரை மணி நேரத்தில், ஒரு துண்டு பீட்சாவைக் கையில் வைத்துக்கொண்டு அனகாப்ரியின் சந்துகளை முழுக்கச் சுற்றிவிடலாம்.

திரும்பும் படகு எத்தனை மணிக்கு, எந்தத் துறைமேடையில் என்பதைக் காலையிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் மரினா கிராந்தே துறைமுகத்துக்கு இறங்குவதால் பியாசெட்டாவில் இழுவை ரயிலுக்கான வரிசை வாசலைத் தாண்டி நீளும். அனகாப்ரியிலிருந்து நேரே துறைமுகத்துக்குப் போகும் சிற்றுந்தும் உண்டு, அதுவும் நிரம்பித்தான் வரும். படகுக்கு ஒருமணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடுவது நிம்மதி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். மே மாதமும் செப்டம்பர் கடைசியும் நல்லவை. குளிர்காலத்தில் பல கடைகளும் விடுதிகளும் மூடிக்கிடக்கும், கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. இத்தாலியிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் காப்ரியை வைத்துக்கொள்ளாமல், பயணத்தின் முன்பகுதியிலேயே வையுங்கள். ஒருநாள் காற்று மறுத்தாலும் மறுநாள் போகலாம்.