முதிர்ந்த வேலிச்செடிகளைத் தொட்டிக் குறுமரங்களாக்குதல்

பண்ணை வீடுகளின் முன்புறத்திலும் வேலியோரங்களிலும் பல வருஷங்களுக்கு முன் நடப்பெற்று, கத்தரிப்பாரின்றித் தாறுமாறாய் வளர்ந்துவிட்ட காகிதப்பூ, மாதுளை, இத்தி முதலிய செடிகளை வேருடன் கல்லி அடுப்பிலிடுவது பல இடங்களிலும் வழக்கமாயிருக்கிறது. அவற்றுடன், தொட்டியில் எளிதிற் கிட்டாத பருத்த அடிமரமும் எரிந்து போகின்றது. தொட்டியில் வேர் ஓட இடமின்மையால் அடிமரம் மிக மெதுவாகவே பருக்கும்; நிலத்திலோ அது விரைவிற் பருக்கும். ஆகவே குறுமரம் வளர்க்கத் தொடங்குவோருக்கு நாற்றைவிட முதிர்ந்த வேலிச்செடியே அதிகப் பிரயோஜனமுள்ளது.

இக்கலை சீன தேசத்தில் தோன்றி ஜப்பானில் விருத்தியடைந்தது. ஜப்பானியர் இதனைப் போன்ஸாய் என்பர். 1923-ம் வருஷத்துப் பெரும் பூகம்பத்திற்குப் பின், டோக்கியோவின் குறுமரத் தோட்டக்காரர் சிலர் ஓமியாவிற் குடியேறி, 1925-ல் இத்தொழிலுக்கென்றே ஒரு கிராமத்தை அமைத்தனர். மலையில் இயற்கையாகக் குறுகி முதிர்ந்த மரங்களைப் பெயர்த்துத் தொட்டியிற் பழக்குவது அந்நாட்டு முறைகளுள் ஒன்று. வேலிச்செடிக்கும் அம்முறையே பொருந்தும்.

தெரிந்தெடுத்தல்: அடிமரம் 2 முதல் 4 அங்குலம் வரை பருத்து, மேலே செல்லச் செல்ல மெலிந்து, தரைமட்டத்தில் வேர்கள் நாற்புறமும் பரவியிருத்தல் நன்று. ஒட்டுச்செடியாயின் ஒட்டுக்குக் கீழே வெட்டலாகாது; வெட்டினால் அடிச்செடியின் இனமே தளிர்க்கும்.

வேர் வெட்டுதல்: செடியை ஒரே நாளிற் கல்லியெடுத்தால் பெரும்பாலும் பட்டுப்போகும். நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் தூரத்தில் இருப்பதே காரணம். ஆதலால் பெயர்ப்பதற்கு ஏறக்குறைய 6 மாதம் முன்னதாக, அடிமரத்திலிருந்து 1 அடி தள்ளி, சுற்றளவிற் பாதிக்கு மட்டும் பள்ளம் வெட்டி, மணலும் இலைமக்கும் இட்டு மூடி நீர் விட வேண்டும். 3 மாதம் கழித்து மற்றப் பாதியையும் அவ்வாறே செய்க. வெட்டுண்ட இடங்களில் புதிய நுண்வேர்கள் தோன்றும்.

பெயர்த்து நடுதல்: மழைக்காலத் தொடக்கமே ஏற்ற பருவம். வேர் குறைந்த செடி பழைய இலைகளனைத்திற்கும் நீர் கொடுக்க இயலாது. ஆகையால் தண்டினை 1 முதல் 1½ அடி உயரத்தில், மழைநீர் தங்காதபடி சாய்வாக வெட்டிவிட வேண்டும். பிறகு ஆணிவேரைக் குறைத்து, அடியில் துவாரங்களுள்ள அகன்ற மண்தொட்டியில், பருமணல், செங்கற்சல்லி, இலைமக்கு ஆகியவற்றைக் கலந்து நட்டு, அசையாதபடி கயிற்றாற் கட்டுக. காகிதப்பூவின் வேர் எளிதில் ஒடிவதால் அதனைக் கையாள்வதில் அதிக ஜாக்கிரதை தேவை.

பராமரிப்பு: நிழலில் வைத்து, மண் ஈரமாயிருக்கும் அளவு மட்டும் நீர் விடுக. சில வாரங்களில் தளிர் தோன்றும். அது கண்டு வேர் பிடித்துவிட்டதென எண்ணலாகாது. தண்டிற் சேர்ந்துள்ள உணவைக் கொண்டும் தளிர் வரும். இச்சமயத்தில் செடியை அசைத்துப் பார்ப்பதாலும், உரமிடுவதாலும், வெயிலில் வைப்பதாலுமே பல செடிகள் மடிகின்றன. தளிர்கள் நீண்டு முற்றிய பின்னரே சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, எருவிட வேண்டும். முதல் வருஷத்தில் கம்பி சுற்றுதலும் கிளை கத்தரித்தலும் கூடா. இரண்டாம் வருஷத்தில் வேண்டிய கிளைகளை மட்டும் நிறுத்தி, அதன் பின்னரே ஆழமற்ற தட்டுத்தொட்டிக்கு மாற்றுக.

புறம்போக்கிலுள்ள செடிகளை அனுமதியின்றிப் பெயர்க்கலாகாது. ஒதுக்குக் காடுகளிற் பெயர்ப்பது 1882-ம் வருஷத்திய வனச் சட்டப்படி குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு விளக்குதல் அவசியம். சொந்த வேலியைத் திருத்தும் மிராசுதார்கள், கோடரி எடுக்குமுன் செடியின் அடிமண்ணைச் சற்றே விலக்கிப் பார்ப்பார்களாயின், விறகுக்குப் போகவிருந்தவற்றுள் சிலவாவது தொட்டிக்கு உரியனவாகக் காணப்படும்.