கீரை ஏன் வாடுகிறது?

கோடை விடுமுறையில் தோட்டத்துப் பக்கம் போனால், பறித்த கையோடு வெள்ளரிப்பிஞ்சு தின்னலாம். கடித்தால் 'நறுக்'கென்று முறியும். அதே பிஞ்சு மாலைச் சந்தையில் துவண்டு கிடக்கும். அருகில் கீரைக்கட்டு தலை சாய்ந்திருக்கும். காலை விலையில் பாதிக்குத் தள்ளிவிட்டு, மீந்ததை மாட்டுக்குப் போடும் விவசாயிகள் எத்தனையோ பேர். இந்த நட்டத்தைக் குறைக்க வழி உண்டா?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். வெள்ளரியின் எடையில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு நீர்தான். ஒவ்வொரு செல்லிலும் நீர் நிறைந்து சுவரை வெளிப்புறமாக அழுத்துகிறது. காற்றடித்த சைக்கிள் டியூப் விறைப்பாக இருப்பதைப் போன்றதே இது. செடியில் இருந்தவரை, ஆவியாகிப் போன நீரை வேர் ஈடு செய்தது. பறித்தபின் செலவு உண்டு, வரவு இல்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு நீர் குறைவதற்குள்ளாகவே கீரை வாடிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பறித்த காய் உயிரற்றதன்று, அது சுவாசிக்கிறது. சேமித்த சர்க்கரை செலவாகி, வெப்பமும் வெளிப்படுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இந்த வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவேதான் நண்பகலில் பறிப்பதைவிட விடியற்காலையில் பறிப்பது மேல்.

சரி, பறித்ததை எப்படிக் குளிர்விப்பது? நீரை ஆவியாக்கும் அதே வெயிலை நமக்கு வேலை செய்ய வைக்கலாம். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அதைச் சுற்றுப்புறத்திலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. 58 கிராம் நீரை 10 டிகிரி குளிர்விக்க அது போதும்! மண்பானைத் தண்ணீர் குளிர்வதன் இரகசியம் இதுவே.

நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா, 1990-களில் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடைவெளியில் ஈரமணல் நிரப்பிக் காய்கறிகளைக் காத்தார். இதற்காக 2000-ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றார். புதுடில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் 1980-களில் இதே தத்துவத்தில், இரட்டைச் செங்கல் சுவருக்கிடையே ஈரமணல் கொண்ட குளிர் அறையை உருவாக்கியது. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. காற்று 38 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் 25 சதவீதமுமாக இருந்தால், ஆவியாதல் சுமார் 23 டிகிரி வரை குளிர்விக்க முடியும். கடற்கரை ஊரில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் சுமார் 29 டிகிரியோடு நின்றுவிடும். உள்மாவட்டங்களுக்கே இம்முறை அதிகம் பயன்படும்.

நீங்களே சோதிக்கலாம். 200 கிராம் வீதம் இரு கீரைக்கட்டுகள் எடுங்கள். ஒன்றை நிழலில் திறந்து வையுங்கள். மற்றதை இரட்டைப் பானையில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். மணல் காயாமல் நீர் தெளியுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எடையையும் வெப்பநிலையையும் குறித்து, வரைபடம் வரையுங்கள். கோடுகள் எவ்வளவு விலகுகின்றனவோ, அவ்வளவும் உங்கள் ஊர்க் கீரைக்காரருக்கு மிச்சம். அவரிடம் அதைக் காட்டுங்கள்.