சூரியன் தொடாத நிறம்



1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று உட்புறம் வெளிறிப்போய்ப் பட்டறைக்கு வந்தால், கைதேர்ந்தவர் முதலில் தேடுவது ஸ்ப்ரே டப்பாவை அல்ல, திருப்புளியை. கதவில் கை வைக்கும் பட்டையைக் கழற்றினால், அதன் அடியில் வெயிலே படாத ஒரு துண்டு நிறம் அப்படியே இருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவின் தகட்டில் ‘டிரிம்’ என்ற இடத்தில் பொறித்திருக்கும் குறியீடு, தொழிற்சாலை கொடுத்த நிறம் எது என்று சொல்லிவிடும். அந்த நிறம் எப்படி இருந்தது என்பதைக் காட்டுவது பட்டைக்கு அடியில் உள்ள துண்டுதான்.

நம் ஊரில் ரெக்சின் என்று சொல்லும் வினைல், பிறவியிலேயே மென்மையானது அல்ல. அதன் அடிப்படையான பிவிசி விறைப்பான பொருள். 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் அதை ஒருவகைத் திரவத்தோடு சூடாக்கி ரப்பர்போல் வளைய வைத்தார். அந்த மென்மையாக்கி, வெயிலில் நிற்கும் காருக்குள் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் படியும் எண்ணெய்ப் புகைபோன்ற படலத்தில் அதுவும் உண்டு. மென்மையாக்கியை இழந்த டாஷ்போர்டு வெடிக்கும். புதுநிறம் வெடிப்பை மூடாது என்பதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வேலையின் பெரும்பகுதி கழுவுவதில்தான் இருக்கிறது, தம்பி. வருடக்கணக்காகப் பூசிய பளபளப்புத் திரவங்களில் சிலிக்கோன் இருக்கும். அது கொஞ்சம் மிஞ்சினாலும் பெயிண்ட் விலகி, மீன்கண்போல் வட்ட வட்டமாகக் குழிவிழும். சோப்பு நீரும் மென்மையான பிரஷும் கொண்டு ரெக்சினின் வரிகளுக்குள் இருக்கும் அழுக்கை எடுத்து, பிறகு மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர போகாது. தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்: முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் சுத்தமாகவில்லை, படலமாகப் பரவினால் சரி. மஸ்டாங்கின் கதவுப் பலகை ரெக்சின் ஒட்டிய அட்டை. நீரை ஊற்றிக் கழுவினால் வளைந்துவிடும். அதை ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்தக் காரில் ஒரே நிறம் பல பொருள்கள்மேல் இருக்கிறது: இருக்கையின் ரெக்சின், டாஷ்போர்டு மேல்மெத்தை, கால்பக்கத்துக் கெட்டிப் பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த இரும்பு. வினைலுக்கான பெயிண்ட் மேற்பரப்பைச் சற்று இளக்கி அதோடு பிடித்துக்கொள்ளும். கெட்டிப் பிளாஸ்டிக்குக்குப் பிடிப்புத் திரவம் முதலில் அடிக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா போதும் என்பவர் சொல்வதைக் கேட்காதே.

அடிப்பது மெல்லிய பனிபோல, பல தடவை. கனமாக ஒரே தடவை அடித்தால் ரெக்சினின் வரிகள் நிரம்பி, தோல்போன்ற அமைப்பே போய், பிளாஸ்டிக் பூசிய பலகைபோலாகிவிடும். மழைநாளில் ஈரக்காற்று வெண்மை பாய்ச்சும். அன்று வேலையைத் தள்ளிவைப்பதே மேல். டாஷ்போர்டின் மேல்பாகம் மங்கலாகவே இருக்கட்டும். பளபளத்தால் அது கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும். தூசிக்கான முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தொடவே கூடாது.

முதல் கோட் எப்போதும் ஒரு ரெக்சின் வெட்டுத் துண்டில். அது காய்ந்ததும் கதவுப்பட்டைக்கு அடியிலிருந்த நிறத்தோடு வைத்து, பட்டறை விளக்கில் ஒருதரமும் வெயிலில் ஒருதரமும் பார். விளக்கில் ஒத்துப்போகும் பழுப்பு, வெயிலில் சிவப்பாகத் தெரியலாம். தெரிந்தால் கலவையை மாற்று; இன்னொரு துண்டை வெட்டு.